முற்றத்தில் அமர்ந்த பள்ளி

மூன்று வயதுக் குழந்தை இன்றைக்காக வாழ்கிறதா, நாளைய தேர்வுக்காக வாழ்கிறதா? இவ்வினாவை வாய்விட்டுக் கேட்பார் இல்லை. ஆயினும் பாலர் பள்ளியின் வாயிலில் நின்று, "இவன் எப்போது எழுதத் தொடங்குவான்?" என்று நாம் வினவும்போதே அதற்கு விடை கூறிவிடுகிறோம்.

அவ்விடையை ஏற்க மறுத்த ஆசிரியை ஒருவரை மும்பைவாழ் தமிழராகிய நாம் அறிந்திருத்தல் வேண்டும். அவர் பணியாற்றிய ஊர்கள் நமக்கு வடக்கே, ரயிலில் சில மணி நேரத் தொலைவிலேயே உள்ளன. பாவநகரில் கிஜுபாய் பதேகாவுடன் பணி செய்து, மாண்டிசோரி அம்மையாரின் முறையில் தோய்ந்த தாராபாய் மோடக், 1945இல் போர்டி என்னும் கடலோரச் சிற்றூரில் குழந்தைக் கல்வி நிலையம் ஒன்றைத் தொடங்கினார். அனுதாய் வாக் அவருக்குத் துணையானார்.

நிலையம் திறந்தது, ஏழைப் பிள்ளைகள் வரவில்லை. ஆகவே ஆசிரியைகளே சேரிக்குச் சென்று, குடிசைகளின் முற்றத்தில் அமர்ந்தனர். அங்கன்வாடி என்னும் பெயரில் உள்ள 'அங்கன்' முற்றத்தைக் குறிப்பதே. (நம் ஊரில் பால்வாடி என்றதும் பால் கொடுக்கும் இடம் என்று எண்ணியவர் பலர். அங்கே 'பால்' என்பது குழந்தை.) 1957இல் பணி கோஸ்பாட் குன்றுப் பகுதிக்கு மாறியது. வார்லிச் சிறுவர் மாடு மேய்க்கச் சென்றனர். பள்ளியும் மேய்ச்சல் நிலத்திற்கே சென்றது. விலையுயர்ந்த மரக்கருவிகளின் இடத்தை விதையும் கிளிஞ்சலும் கூழாங்கல்லும் இலையும் பெற்றன.

இதனைக் கேட்டுக் கூலி வேலை செய்யும் தாய் ஒருத்தி, "விளையாட்டைத்தான் வீட்டிலேயே விளையாடுகிறானே, இதற்குப் பள்ளி எதற்கு?" என்பாளாயின், அவளை அறியாதவள் என்று ஒதுக்குதல் அறமாகாது. எழுத்தே ஏணி என்று அவள் நம்புவதற்குக் காரணம் உண்டு. அவளுக்கு ஆசிரியை கூறும் விடை நாம் அறிந்ததே: விதை பொறுக்கும் விரல் நாளை எழுதுகோலைப் பிடிக்கும், இனம் பிரித்தலே கணக்கின் தொடக்கம், கதையே மொழி.

விடை மெய்யானதுதான். ஆயினும் நமக்கு அதில் ஒரு குறை தோன்றுகிறது. விளையாட்டையும் அது நாளைய எழுத்துக்கு முன்பணமாகவே மதிப்பிடுகிறது. பின்னால் பயன் ஒன்றும் விளையாதெனினும், இன்றைய காலைப் பொழுது அக்குழந்தைக்கே உரியதன்றோ? நல்ல ஆசிரியையின் நம்பிக்கை இவ்விடத்தில்தான் வேர்கொண்டுள்ளது என்று கருதுகிறோம். பெற்றோரிடம் சொல்ல அவள் தயங்குவதும் இதனையே.

நாமும் தூயவர் அல்லோம். முன்பொரு நாள் நம் மூன்று வயதுப் பிள்ளையை ஒரு பள்ளியின் நேர்முகத் தேர்வுக்கு அழைத்துச் சென்றோம். நிறங்களின் ஆங்கிலப் பெயர்களை ஒரு வாரம் ஒப்பிக்கச் செய்திருந்தோம். குழந்தையோ சன்னலில் வந்தமர்ந்த காக்கையைக் கைநீட்டிக் காட்டிச் சிரித்தது. நாம் அதன் முகத்தைப் பிடித்து, வண்ண அட்டையின் பக்கம் திருப்பினோம்.