பூசியது தெரியாமல்

போன ஆவணியில் கும்பகோணத்தில் ஒரு கல்யாண வரவேற்பு. அத்தை மகனுக்கு. எனக்கு முறைப்பையன்தான், ஆனால் அந்தக் கதைக்கும் இந்தக் கட்டுரைக்கும் சம்பந்தம் இல்லை. சாயங்காலம் நாலரை மணி. மண்டபத்து மாடி அறையில் சித்தி மகள்கள், பெரியப்பா மகள்கள் என்று நாலு பேருக்கு மேக்கப் போட்டு முடித்துவிட்டுப் பிரஷ்களைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அத்தை உள்ளே வந்தார். கதவைச் சாத்தினார். தாழ்ப்பாளும் போட்டார்.

“ஏண்டி, எனக்கும் லேசா ஏதாச்சும் போட்டு விடுறியா? போட்டது தெரியக் கூடாது.”

மாமா இறந்து நாலு வருஷம் ஆகிறது.

‘போட்டது தெரியக் கூடாது’ என்பதை அன்றைக்கு மட்டும் அதற்கு முன் நாலு தடவை கேட்டிருந்தேன். நாலு பெண்களும் அதையேதான் சொன்னார்கள். “சிம்பிளா, நேச்சுரலா, பார்ட்டிக்குப் போற மாதிரியும் இருக்கணும், ஒண்ணுமே போடாத மாதிரியும் இருக்கணும்க்கா.” அந்த வாக்கியத்தைப் பற்றி எனக்கு ஒரு தீர்ந்த கருத்து இருந்தது. அது பொய்யிலேயே மோசமான பொய் என்பது. முகத்தை மறைக்கிறோம், பிறகு மறைத்ததையும் மறைக்கிறோம். இந்தக் கருத்தோடு எத்தனையோ முகங்களுக்கு அதையே போட்டும் விட்டிருக்கிறேன். கருத்து ஒரு பக்கம், கை ஒரு பக்கம்.

இதைச் செய்து பார்த்தவர்களுக்குத் தெரியும். ஒன்றும் போடாத மாதிரி தெரிவதற்குத்தான் நிறையப் போட வேண்டும். முதலில் மாய்ஸ்சரைசர், அது ஊற ஐந்து நிமிடம். பிறகு ஸ்கின் டின்ட், தாடை எலும்பின் மேல் வைத்து நிறம் பார்த்து. கண்ணுக்குக் கீழே கன்சீலர், விரல் சூட்டில் உருக்கி. க்ரீம் ப்ளஷ், சிரிக்கும்போது எழும்பும் இடத்துக்குச் சற்று மேலே. புருவத்தில் முடி முடியாகக் கோடு. இமை மயிரின் வேர்க்கால்களுக்கு இடையில் மட்டும் மை, கோடாகத் தெரியாமல். பவுடர் மூக்கோரத்தில் மட்டும், அதுவும் கொஞ்சமாக. கூடிப்போனால் போட்டோகிராபரின் பிளாஷில் முகம் வெளுத்துப் பேய் மாதிரி விழும். டெல்டாவின் ஆவணிப் புழுக்கத்தில் இவ்வளவும் ஏழு மணி வரை நிற்க மேலே ஒரு ஸ்ப்ரே. ஒரு முகத்துக்கு முக்கால் மணி நேரம். கீழே போனதும் யாராவது, “நீ ஒண்ணுமே போடலையா? அப்படியே அழகா இருக்கடி” என்பார்கள். அந்த ஒரு வரிக்குத்தான் முக்கால் மணி நேரம்.

இதில் ‘நேச்சுரல்’ என்பது யாருடைய இயற்கை? குறுவை நடவுக்கு இறங்கி, பத்து மணி வெயிலில் குனிந்து நிற்கும் பெண்ணின் முகத்துக்கும் ஒரு இயற்கை உண்டு. கழுத்து ஒரு நிறம், நெற்றி ஒரு நிறம், முந்தானை மூடிய இடம் ஒரு நிறம். அந்த இயற்கையைப் போட்டுவிடு என்று யாரும் என்னிடம் கேட்டதில்லை. கேட்கப்படும் இயற்கை என்பது எட்டு மணி நேரம் தூங்கிய, வெயிலில் நிற்காத, கவலை இல்லாத, முடிந்தால் அரை ஷேட் வெளுத்த ஒருத்தியின் தோல். ‘ஃபேர் அண்ட் லவ்லி’ 1975இல் வந்தது. 2020இல் பெயரிலிருந்து ‘ஃபேர்’ போய் ‘க்ளோ’ வந்தது. பெயர்தான் மாறியது என்று சொன்னால் கொஞ்சம் அநியாயமாக இருக்கலாம். ஆனால் எங்கள் ஊர் மளிகைக் கடையில் இன்னமும் பழைய பெயரைச் சொல்லித்தான் கேட்கிறார்கள், கடைக்காரரும் தயங்காமல் எடுத்துக் கொடுக்கிறார்.

என் கருத்துக்குப் பெரிய ஆட்களின் துணையும் இருந்தது. பிளேட்டோவின் ‘கோர்கியாஸ்’ உரையாடலில் சாக்ரடீஸ், உடற்பயிற்சி தரும் அழகுக்கு முகப்பூச்சு போலி வேஷம் கட்டுகிறது என்கிறார். மருத்துவத்துக்குச் சமையல் வேஷம் கட்டுகிற மாதிரி. (சமையலை ஏன் இழுத்தார் என்று எனக்கு இன்றும் வருத்தம்.) பிரெஞ்சுக் கவி போதலேர் 1863இல் இதற்கு நேர் எதிராக ஒப்பனையைப் புகழ்ந்து எழுதினார். ஆனால் அவருடைய புகழ்ச்சியில் ஒரு நிபந்தனை உண்டு. ஒப்பனை இயற்கையைக் காப்பியடிக்கக் கூடாது. பூசியது தெரியட்டும், ஒளிய வேண்டாம். எனக்கு அவர் கட்சிதான். நம் பாட்டிகளின் மஞ்சளும் அவர் கட்சிதான் என்று நினைத்தேன். மஞ்சள் பூசிய முகத்தைப் பார்த்து இது இவள் பிறவி நிறம் என்று யாராவது ஏமாந்ததுண்டா? மருதாணிச் சிவப்பை விரலின் சொந்தச் சிவப்பு என்று யார் நம்பினார்? கண்மை, குங்குமம், எல்லாமே ‘நான் பூசியிருக்கிறேன்’ என்று சொல்லிவிட்டுத்தான் உட்காரும்.

எதிர்க்கட்சித் தலைவர் இத்தாலியின் காஸ்டிலியோனே. அரசவையில் எப்படிப் பழக வேண்டும் என்று 1528இல் வெளியான அவருடைய நூலில் ஒரு பாத்திரம் சொல்கிறது: பூசியிருக்கிறாளா இல்லையா என்று பார்ப்பவன் சந்தேகப்படுகிற அளவுக்குக் கொஞ்சமாகப் பூசியவள்தான் அதிகம் கவர்கிறாள். ‘நோ மேக்கப் லுக்’குக்கு வயது ஏறக்குறைய ஐந்நூறு. சொல்வது ஒரு ஆண் என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

அவ்வளவு தூரம் போக வேண்டாம். காவிரி கடலில் விழும் புகாருக்கே வரலாம். சிலப்பதிகாரத்தில் கோவலன் கண்ணகியிடம் கேட்கிறான், மங்கல அணி ஒன்றே போதுமே, உன் தோழிகள் எதற்கு இத்தனை நகையைப் பூட்டினார்கள் என்று. அதாவது, ‘நீ நேச்சுரலாவே அழகு.’ பிறகு அவன் எங்கே போனான் என்பது நமக்குத் தெரியும். ஊடலில் இருந்த அவனை மகிழ்விக்க மாதவி குளித்த நீரில் பத்து வகைத் துவர், ஐந்து வகை விரை, முப்பத்திரண்டு வகை ஓமாலிகை. கூட்டினால் நாற்பத்தேழு. என் பையில் அன்றைக்கு இருந்ததே பத்தொன்பது பொருள்தான். ‘ஒன்றும் வேண்டாம்’ என்று புகழ்ந்தவன் நாற்பத்தேழு சரக்குக்குப் போனான் என்று காலேஜில் இதைச் சொல்லிச் சிரித்திருக்கிறோம். சிரிக்காமல் விட்டது அதே காப்பியத்தின் இன்னொரு இடம். கணவன் பிரிந்த பிறகு கண்ணகியின் கண் மையை மறக்கிறது, நெற்றி திலகத்தை இழக்கிறது. அவன் செத்துப்போகவில்லை, பக்கத்துத் தெருவில்தான் இருக்கிறான். அதற்கே.

மாமாவின் பதினாறாம் நாள் நான் அங்கே இருந்தேன். எல்லாச் சாதியிலும் ஒரே மாதிரி இல்லை, எல்லா வீட்டிலும் இன்று நடப்பதும் இல்லை. எங்கள் வீட்டில் நடந்தது. அத்தைக்கு முகம் நிறைய மஞ்சள் பூசினார்கள். பெரிய குங்குமப் பொட்டு. தலை கொள்ளாத பூ. இரண்டு கை நிறைய கண்ணாடி வளையல். அத்தையை அவ்வளவு அலங்காரத்தில் நான் அதற்கு முன் பார்த்ததே இல்லை. அப்புறம் எல்லாவற்றையும் எடுத்தார்கள். எடுத்தவர்களும் பெண்கள்தான், அழுதுகொண்டே எடுத்தார்கள். மறைவே இல்லாத, போதலேர் கேட்ட மாதிரி ஊரறியப் பூசிய மேக்கப் அதுதான். அவருக்குக் கடைசியாகப் போட்டதும் அதுதான்.

மஞ்சள் ஏமாற்றாது என்பது சரி. யார் பூசலாம், யார் கூடாது என்பதையும் அது ஊருக்குச் சொல்லிக்கொண்டேதான் இருந்திருக்கிறது. இதை எப்படி இத்தனை நாள் பார்க்காமல் இருந்தேன் என்று தெரியவில்லை.

தாழ்ப்பாள் போட்ட அறையில் எனக்கு முதலில் வந்தது வீராவேசம்தான். “அத்தை, எதுக்கு ஒளிச்சுப் போடணும்? நல்லாவே போட்டு விடுறேன். குங்குமமும் வச்சுக்கோங்க. இப்பல்லாம் எத்தனையோ பேர் வச்சுக்குறாங்க. யாரு என்ன சொல்லப் போறா?”

அத்தை கோபப்படவில்லை. “என்கிட்ட யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்கடி. ஆறு மாசம் கழிச்சு இந்த வீட்டுல யாருக்காச்சும் காய்ச்சல் வந்தாக்கூட அன்னிக்கு இவ பொட்டு வச்சுக்கிட்டு மேடையில நின்னால்லன்னு பேசுவாங்க. அதைக் கேட்டுக்கிட்டு இருக்கப் போறது யாரு? வந்த பொண்ணு. என் தைரியத்துக்கு அவ பதில் சொல்லணுமா?”

இதற்கு என்னிடம் பதில் இல்லை. இப்போதும் முழுசாக இல்லை. ஒரு வழக்கத்தை யாராவது வெளிப்படையாக மீறினால்தான் அது உடையும். ஒளித்து மீறினால் வழக்கம் மேலே நிம்மதியாக உட்கார்ந்திருக்கும். இது உண்மை. மீறுகிறவளுடைய செலவை வேறொருத்தி கணக்கில் எழுதக் கூடாது என்பதும் உண்மை. அந்த இன்னொருத்திக்கு இருபத்திநாலு வயது, கீழே மேடையில் பூமாலையோடு நின்றுகொண்டிருந்தாள், அவளிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஒருவேளை, “வச்சுக்கோங்க அத்தை” என்றுகூடச் சொல்லியிருப்பாள். வரவேற்பு தொடங்க அரை மணி நேரம் இருக்கையில் அதைக் கேட்பதும் ஒரு மிரட்டல்தான்.

காஸ்டிலியோனேயின் சீமாட்டி மறைத்தது அலட்சியமான அழகு என்று பெயர் வாங்க. என் தங்கைகள் மறைத்தது, “ஒண்ணுமே போடலையா” என்ற வரிக்காக. அத்தை மறைக்கக் கேட்டது வேறு வழி இல்லாததால். செய்முறை ஒன்றுதான், பொருளும் ஒன்றுதான். பொய்யா இல்லையா என்பதை க்ரீமை வைத்து அளக்கவே முடியாது என்று அப்போது தோன்றியது. உண்மையைச் சொல்ல அனுமதி இருப்பவள் மறைப்பதையும், அனுமதியே இல்லாதவள் மறைப்பதையும் ஒரே தராசில் போடலாமா?

உட்காரச் சொன்னேன். அத்தையின் முகத்தை அவ்வளவு கிட்டத்தில் பார்த்தது அதுதான் முதல் தடவை. மாமாவுக்குப் பிறகு நிலத்தை அவரே பார்க்கிறார். வரப்பில் நின்று நின்று இரண்டு கன்னத்திலும் மங்கு இறங்கியிருந்தது. பழக்க தோஷத்தில் கன்சீலரை எடுத்து முதலில் அங்கேதான் கொண்டுபோனேன். அத்தை கையைப் பிடித்துவிட்டார்.

“அது இருக்கட்டும். அது காணலைன்னா கண்டுபிடிச்சிருவாங்க.”

தங்கைகள் நாலு பேருக்கும் முதல் வேலையாக நான் செய்தது அதுதான், இருப்பதைக் காணாமல் ஆக்குவது. அத்தைக்கு அந்த வசதி இல்லை. வெயில் நிறத்தை மாற்றக் கூடாது, மங்கை மறைக்கக் கூடாது, தாடைக் கோட்டைத் திருத்தக் கூடாது. மிஞ்சியது என்ன? காய்ந்த தோலுக்கு ஈரம். கண்ணுக்குக் கீழே இருந்த கறுப்பில் பாதி மட்டும். இமை வேரில் ஒரு இழை மை. கன்னத்தில், விரலில் ஒட்டிய மிச்ச ப்ளஷ். பத்து நிமிடம்கூட ஆகவில்லை. கண்ணாடியில் இருந்தது அத்தைதான். நல்லா தூங்கி எழுந்த ஒரு நாளின் அத்தை. நான் போட்டதிலேயே ‘நேச்சுரல்’ என்ற சொல்லுக்குப் பொருந்திய ஒரே மேக்கப் அதுதான் என்று நினைக்கிறேன். அது பயத்தில் போட்டது என்பதும் கூடவே நினைவுக்கு வருகிறது. அதனால் இதைக் கொண்டாடவும் முடியவில்லை.

தஞ்சைப் பெரிய கோயிலின் உள்சுற்றுச் சுவரில் நாயக்கர் காலத்து ஓவியத்துக்கு அடியில் சோழர் ஓவியம் இருப்பதை 1931இல் எஸ்.கே. கோவிந்தசாமி கண்டுபிடித்தார். பிற்பாடு தொல்லியல் துறை மேல் அடுக்கைப் பெயர்த்து எடுத்தது. எடுத்ததைக் குப்பையில் போடவில்லை. கண்ணாடியிழைப் பலகையில் ஒட்டிப் பாதுகாத்தது. அடியில் இருப்பது நிஜம், மேலே இருப்பது பூச்சு என்று முடிவு கட்டியிருந்தால் அந்த மெனக்கெடல் தேவையே இல்லை. பல தலைமுறைகள் அந்தச் சுவரின் முகமாகப் பார்த்தது மேல் அடுக்கைத்தான். அத்தையைப் பற்றியும் எனக்கு இந்தக் குழப்பம் உண்டு. நாலு வருஷமாக நாங்கள் பார்க்கும், ஒன்றும் பூசாத அந்த முகம் அவருடைய இயற்கையா? அதுவும் அவர்மேல் போட்டுவிட்ட ஒன்றுதானே?

கடைசியாக உதடு. லிப் டின்ட்டை நான் எடுக்கவே இல்லை. அவராகத்தான் பைக்குள் எட்டிப் பார்த்தார். “அந்தச் செவப்பு என்ன?” காட்டினேன். “கொஞ்சூண்டு.” நடு உதட்டில் ஒரு பொட்டு வைத்துத் தேய்த்தேன். கண்ணாடியை ரொம்ப நேரம் பார்த்தார். மூக்கை உறிஞ்சிக்கொண்டார். “யாராச்சும் கேட்டா வெத்தலை போட்டேன்னு சொல்லிக்கிறேன்.” வெற்றிலைக்கு எங்கள் பக்கம் தடை இல்லை, பாட்டியே சாகும்வரை போட்டவர்தான்.

கதவுவரை போனவர் நின்றார். “பொய் சொல்ல வேணாம். போய் நாலு வெத்தலை எடுத்துட்டு வா.”

தாம்பூலத் தட்டிலிருந்து எடுத்துப்போய்க் கொடுத்தேன். கும்பகோணத்துக் கொழுந்து வெற்றிலை, சீவல், சுண்ணாம்பு. மாடி அறையில் நின்றபடியே நிதானமாக மென்று முடித்துவிட்டுத்தான் இறங்கினார். மேடைக்குக் கீழே பெரியம்மா பிடித்துக்கொண்டார். “என்னடி இது, உதடெல்லாம் இப்படிச் செவந்திருக்கு?”

அத்தை வாயைத் திறந்து நாக்கை நீட்டிக் காட்டினார்.