பள்ளியைத் தேரும் பெற்றோர்க்கு



சங்கரன்கோயிலிலிருந்து கோவில்பட்டி செல்லும் வழியில் கழுகுமலை உள்ளது. அங்கே தீர்த்தங்கரர் திருவுருவங்களின் கீழே குரவர், குரத்தியர், மாணாக்கர், மாணாக்கியர் எனப் பலருடைய பெயர்கள் வட்டெழுத்தில் பொறிக்கப்பட்டுள்ளன. இன்ன ஆசிரியரின் மாணாக்கர் என்பதே அவருட் பலருக்கு அடையாளம். துறவியர் உறைவிடமாகிய பள்ளியே கற்குமிடத்திற்கும் பெயராயிற்று என அறிஞர் கூறுவதை நாம் பெருமையுடன் நினைக்கிறோம்.

அம்மலைக்கு மேற்கே, இராயகிரியில் ஐந்தாம் வகுப்பு முடித்த குழந்தையின் பெற்றோர், உள்ளூர்ப் பள்ளியா, சங்கரன்கோயிலா, இராசபாளையமா என்று கவல்வர். வந்தவாசியிலும் திண்டிவனத்திலும் வாழும் நமக்கும் அதே கவலை உண்டு. அக்கவலை தவறன்று. ஆயினும் அதனுள் நான்கு கஷாயங்களும் நுழைவதை நாம் உணர்வதில்லை.

"பக்கத்து வீட்டார் பிள்ளை அங்கே படிக்கிறான்" என்று கடன் வாங்கிச் சேர்ப்பது மானம், அதாவது செருக்கு. இடம் பெறுவதற்காகப் பொய் முகவரியும் பொய் வருமானமும் காட்டுவது மாயை. "இவ்வளவு செலவிட்டால் பின்னர் எவ்வளவு ஈட்டுவான்" எனக் கணக்கிடுவது லோபம். மதிப்பெண் குறைந்தவுடன் குழந்தையைக் கடிவது குரோதம். வாய்மை விரதம் பூண்ட தந்தை பொய்ச் சான்றில் கையொப்பமிடும்போது, அருகில் நிற்கும் குழந்தை தன் முதற்பாடத்தைக் கற்றுவிடுகிறது. அதன்பின் எந்தப் பள்ளி அதனை மாற்றும்?

அவ்வாறாயின் எதனைக் கொண்டு தேர்வது? 13ஆம் நூற்றாண்டில் நம் பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூல் வழிகாட்டுகிறது. நல்லாசிரியர்க்கு நிலம், மலை, துலாக்கோல், மலர் ஆகியவற்றை அவர் உவமை கூறினார். பொறுமை, கலங்காமை, நடுவுநிலைமை, இனிமை என்பன அவற்றால் நாம் கொள்ளத்தக்கவை. ஆசிரியராகத் தகாதவர்க்கும் அவர் உவமை கூறியுள்ளார். கட்டடத்தின் உயரத்தைப் பற்றி அங்கே ஒரு சொல்லும் இல்லை. ஆதலின் பள்ளிக்கு நேரிற் செல்வோம். மெல்லக் கற்கும் பிள்ளையிடம் ஆசிரியர் எவ்வாறு பேசுகிறார் என்று பார்ப்போம். அங்கே பயிலும் பிள்ளைகளின் முகத்தையும் பார்ப்போம்.

விடுதியிற் சேர்ப்போர் மேலும் ஒன்று கேட்டறிதல் வேண்டும். புலால் கலவாத உணவு தனியே சமைக்கப்படுகிறதா? பொழுது சாயுமுன் உண்ண இயலுமா? இயலாதெனின், பதினொரு வயதுக் குழந்தை தனித்து நின்று நம் குலவொழுக்கத்தைக் காக்கும் என எதிர்பார்த்தல் முறையா? பெற்றோர் தாங்க வேண்டிய சுமையைப் பிள்ளையின் தோளில் ஏற்றுவதும் இம்சையே.

அரசுப் பள்ளியை இழிவாக எண்ணவும் வேண்டா. அரசுப் பள்ளிகளில் பயின்றோர்க்கு மருத்துவக் கல்வியில் 7.5 விழுக்காடு உள்ஒதுக்கீடு 2020இல் தமிழகத்தில் வந்தது. நடந்து செல்லும் தொலைவிலுள்ள பள்ளியில் சேரும் பிள்ளை மாலையில் வீடு திரும்பி, நம்முடன் அமர்ந்து உண்டு, ஜினாலயத்தில் விளக்கேற்றும். அதன் பயனை எந்த மதிப்பெண் பட்டியலும் காட்டாது. மகனுக்குத் தொலைவிலுள்ள பள்ளி, மகளுக்கு அருகிலுள்ள பள்ளி என்று வேறுபடுத்துவோர் கழுகுமலைக் குரத்தியரை நினைவிற்கொள்க.

நற்காட்சி, நல்ஞானம், நல்லொழுக்கம் என்பதே மும்மணிகளின் வரிசை. ஞானத்தைத் தரும் பள்ளியைத் தேருமுன், நம் காட்சி தூய்மையாகட்டும். குழந்தையையும் அழைத்து அதன் விருப்பத்தைக் கேட்போம். அதுவும் வளரும் ஓர் உயிரே.

அறம் வளர்க!