திரும்பி வருவதுதான் தொண்டு

தீபாவளிக்கு முந்தைய இரண்டு வாரத்தில் நாம் எல்லோரும் ரொம்ப நல்லவர்களாகிவிடுகிறோம். இல்லங்களுக்கு அரிசி மூட்டை போகிறது, முறுக்கு டின் போகிறது. பேனரைப் பிடித்து நின்று படம் எடுத்துக்கொள்கிறோம். அந்தப் படங்களில் பின்வரிசையில் நிற்கிறவன் நானும்தான். அதனால் யாரையும் குறை சொல்ல இதை எழுதவில்லை. ஒரு கேள்வி ரொம்ப நாளாக மனசில் கிடக்கிறது: நாம் செய்வது தொண்டா இல்லையா என்பதை யார் முடிவு செய்வது? செய்கிற நாமா, பெறுகிறவரா?

கேள்வி எப்படி வந்தது என்று சொல்கிறேன். எங்கள் வட்டாரத்தில் சிறப்புத் தேவையுடைய பிள்ளைகளுக்கான ஒரு சின்ன மையம் இருக்கிறது. அங்கே நாங்கள் இருபது பேர் ஒரே டி-சட்டையில், ஸ்பீக்கரோடு போய் இறங்கினோம். பாட்டு போட்டதும் ஒன்பது வயதுப் பையன் ஒருவன் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு மேசைக்கு அடியில் போய்விட்டான். ‘பாவம், தனியா இருக்கான்’ என்று நினைத்து, கேக் வெட்டும் இடத்துக்கு அவன் கையைப் பிடித்து இழுத்தேன். கடித்துவிட்டான். நல்ல கடி.

எனக்குக் கோபம் வரவில்லை, அவமானமாக இருந்தது. அங்கே வேலை செய்யும் ஓர் அக்காவிடம் போய் மன்னிப்புக் கேட்டேன். அவர் சொன்னது இதுதான்: “என்கிட்ட ஏன் தம்பி கேக்கிறீங்க? அவன்கிட்ட கேக்கணும்னா அடுத்த சனிக்கிழமை வாங்க. தனியா வாங்க. பச்சைச் சட்டை போட்டு வந்தா, அதுக்கு அடுத்த வாரமும் அதே பச்சைச் சட்டையில வாங்க.”

போனேன். அப்போது செமஸ்டர் விடுமுறை. சனிக்கிழமை காலையில் ஆறு பிள்ளைகளை வேனில் ஏற்றித் தஞ்சோங் கிளிங் கடற்கரைக்குக் கூட்டிப்போவார்கள். ‘சும்மா காத்து வாங்க வந்திருக்காங்க’ என்றுதான் பார்க்கிறவர்கள் நினைப்பார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

கிளம்புவதற்கு முன்னாலேயே வேலை ஆரம்பிக்கிறது. வேன், செருப்பு, கடல், தண்ணீர் போத்தல், வீடு என்று படம் போட்ட அட்டைகளை வரிசையாக வைத்துக் காட்டுகிறார்கள். அடுத்து என்ன வரும் என்று தெரிந்தால்தான் பல பிள்ளைகளுக்கு அமைதி. கரைக்கு வந்ததும் ஓர் ஊழியர் எப்போதும் பிள்ளைகளுக்கும் தண்ணீருக்கும் நடுவிலேயே நிற்கிறார். ஆட்டிசம் உள்ள பல பிள்ளைகளுக்குத் தண்ணீர் மீது தனி ஈர்ப்பு உண்டு, ஆபத்து தெரியாமல் நேராக இறங்கிவிடுவார்கள். அதனால் சில நிமிடத்துக்கு ஒருமுறை தலை எண்ணுகிறார்கள். ஒரு பெண்பிள்ளைக்கு மணல் காலில் பட்டாலே அழுகை. யாரும் அவளை இழுத்து இறக்கவில்லை. நான்கு வாரம் பாயிலேயே நின்றாள். ஐந்தாவது வாரமும் பாயில்தான் நின்றாள். அந்த அக்கா பாயின் ஓரத்தில் உட்கார்ந்து, தன் காலை மட்டும் மணலில் வைத்துக்கொண்டிருந்தார்.

வெளியே கூட்டிப்போனால் பிள்ளைகளுக்கு ஏன் நன்றாக இருக்கிறது? எனக்குப் புரிந்த அளவில் சொல்கிறேன். நம் மூளை விசிறிச் சத்தம், விளக்கின் இரைச்சல், நாற்காலி இழுபடும் சத்தம் எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டு ஆசிரியர் குரலை மட்டும் எடுத்துக்கொள்கிறது. சில பிள்ளைகளின் மூளை அப்படி ஒதுக்குவதில்லை, எல்லாம் ஒரே பலத்தில் உள்ளே வந்துவிடும். நான்கு சுவருக்குள் ஒலி மோதி மோதித் திரும்பும். திறந்த வெளியில் அது போய்விடுகிறது. வகுப்பறையில் பிடிக்காததிலிருந்து விலக மேசைக்கு அடியைத் தவிர வேறு இடம் கிடையாது. இங்கே பத்து அடி தள்ளி உட்கார்ந்தால் போதும். 2009இல் அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வெளியிட்ட ஓர் ஆய்வில், கவனக் குறைபாடு உள்ள 17 பிள்ளைகளை மூன்று வேறு இடங்களில் 20 நிமிடம் நடக்க வைத்துப் பார்த்தார்கள். நகர மையத்திலும் குடியிருப்புத் தெருவிலும் நடந்த பிறகு இருந்ததைவிட, பூங்காவில் நடந்த பிறகு கவனம் கூடியிருந்தது. சின்ன ஆய்வுதான். கடல் மருந்து என்றோ, மரம் குணப்படுத்தும் என்றோ அது சொல்லவில்லை. அந்த அக்காவும் அப்படிச் சொன்னதில்லை.

நமக்கும் இது புதிதல்ல. தாகூர் 1901இல் சாந்திநிகேதனில் பள்ளி தொடங்கியபோது பாடம் நடந்தது மரத்தடியில்தான். அந்தக் கல்விப் பணிக்கு ஆதரவு தேடி அவர் 1927இல் மலாயாவுக்கு வந்தபோது நம் மலாக்காவுக்கும் வந்து போனார். அதற்கும் வெகு முன்னால், பாகவதத்தில் ஓர் அவதூதர் தமக்கு 24 குருமார் என்று பட்டியல் போடுகிறார். பூமி, காற்று, கடல், தேனீ என்று போகும் அந்தப் பட்டியலில் ஒரு சிறு பிள்ளையும் குருவாக இருக்கிறது. கோவில் வகுப்பில் இதை மனப்பாடம் செய்து பரிசு வாங்கியிருக்கிறேன். பிள்ளை எப்படிக் குருவாகும் என்று அப்போது கேட்கத் தோன்றவில்லை.

இனி என் கேள்விக்கு வருகிறேன். கீதை என்றதும் நம் வாயில் முதலில் வருவது, பலனில் பற்று வைக்காமல் செய் என்பது. ஆனால் மையத்து ஊழியர்கள் தினமும் ஒரு நோட்டில் எழுதுகிறார்கள். இன்று எவ்வளவு நேரம் உட்கார்ந்தான், எதற்கு அழுதான், எது பிடித்தது என்று எல்லாமே அதில் இருக்கும். இது பலனைப் பார்ப்பதுதானே? பற்றில்லாதவருக்கு நோட்டு எதற்கு?

இதை அந்த அக்காவிடமே கேட்டேன். “அவன் மாறினானான்னு பாக்க இல்ல தம்பி. நாங்க செய்றது சரியான்னு பாக்கத்தான்,” என்றார். பொறியியல் படிக்கிற எனக்கு இது உடனே பிடிபட்டது. ஆய்வுக்கூடத்தில் அளவு தப்பாக வந்தால் முதலில் நம் கருவியையும் நம் கையையும்தான் சந்தேகிக்கச் சொல்வார்கள். பற்றில்லாமல் இருப்பது வேறு, அக்கறையில்லாமல் இருப்பது வேறு. பிள்ளை மாறினால்தான் வருவேன் என்பது பற்று. மாறாவிட்டாலும் அடுத்த வாரம் வருவேன், ஆனால் நான் செய்வதைத் திருத்திக்கொண்டு வருவேன் என்பதுதான் பற்றற்ற கர்மம் என்று எனக்குத் தோன்றுகிறது. ஒரே நாளில் போய் ஒரே நாளில் திருப்தியோடு வீடு திரும்புகிற நாம்தான் உண்மையில் பலனை அன்றைக்கே கையில் வாங்கிக்கொள்கிறோம். பலன் அந்தப் படம்தான்!

கர்மம் என்ற சொல்லை இன்னொரு விதமாகவும் பயன்படுத்துகிறோம். “போன ஜென்மத்துல என்ன செஞ்சாளோ” என்று அந்தத் தாயின் காதில் விழும்படியே பேசுகிறார்கள். கோவிலிலேயே பேசுகிறார்கள். பிள்ளை சத்தம் போட்டதும் திரும்பிப் பார்க்கிற பார்வையில் எத்தனை குடும்பங்கள் கோவிலுக்கு வருவதையே நிறுத்தியிருக்கும்! அடுத்தவர் கர்மக் கணக்கைப் பார்க்க நமக்கு யார் அதிகாரம் கொடுத்தது? அந்தத் தாய்க்கு ஓர் இருக்கை நகர்ந்து கொடுக்கிறேனா என்பதுதான் என்னுடைய கர்மம்.

ஊழியர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். நம் நாட்டில் பிடிகே எனப்படும் சமூக மறுவாழ்வுத் திட்டம் 1984இல் திரங்கானு மாநிலத்தின் பத்து ராகிட்டில் தொடங்கியது. பிள்ளை வாழ்கிற ஊரிலேயே, அந்த ஊர் மக்களைக் கொண்டே உதவி கிடைக்க வேண்டும் என்பது அதன் எண்ணம். நல்ல எண்ணம். ஆனால் இப்படிப்பட்ட வேலை எங்கே நடந்தாலும் நாம் ‘புண்ணியம்’ என்று ஒரு வார்த்தை சொல்லி முடித்துவிடுகிறோம். புண்ணியத்தை வைத்து மோட்டாருக்கு எண்ணெய் ஊற்ற முடியுமா? வருமானம் போதாமல் ஓர் ஊழியர் தொழிற்சாலை வேலைக்குப் போய்விட்டால் அலுவலகத்துக்கு அது ஒரு காலியிடம். அட்டை வரிசையில் அடுத்து என்ன என்று பார்த்து வாழ்கிற பிள்ளைக்கோ ஓர் உலகமே கலைந்துபோகிறது. பற்றில்லாமல் வேலை செய் என்பது தனக்குத்தானே சொல்லிக்கொள்ள வேண்டியது. அடுத்தவர் சம்பளத்தைக் குறைக்க அதைச் சொல்லக் கூடாது.

அதனால் நம் இயக்கத்து நண்பர்களுக்கு ஒன்று சொல்கிறேன். இருபது பேர் ஒரு நாள் போவதை விட்டுவிட்டு, இரண்டு பேர் ஓராண்டு போகலாம். அதே இரண்டு பேர், இரண்டு வாரத்துக்கு ஒருமுறை. போவதற்கு முன் ‘என்ன வேண்டும்’ என்று மையத்தைக் கேட்போம். முறுக்கு வேண்டாம், வேனுக்கு எண்ணெய்க் காசு போதும் என்றால் அதைக் கொடுப்போம். இந்த மாதம் யாரும் வர வேண்டாம் என்றால் போகாமல் இருப்போம். அதுவும் தொண்டுதான். தொண்டு எது என்று பெறுகிறவர் சொல்லட்டும்.

கடைசியாகக் கடல் சொல்லிக்கொடுத்தது ஒன்று. கடலின் ஏற்ற இறக்கம் தினமும் ஏறக்குறைய 50 நிமிடம் தள்ளிப்போகும். ஏழு நாளில் அது கிட்டத்தட்ட ஆறு மணி நேரமாகிவிடும். அதனால் இந்தச் சனிக்கிழமை காலை பத்து மணிக்குத் தண்ணீர் வற்றிக் கரை அகலமாக இருந்தால், அடுத்த சனிக்கிழமை அதே நேரத்தில் தண்ணீர் ஏறி நிற்கும். எதுவும் மாறக் கூடாது என்று நினைக்கிற பையனுக்கு இது எவ்வளவு பெரிய கலவரம்! அதற்காகவே ஊழியர்கள் ‘பெரிய மணல்’, ‘சின்ன மணல்’ என்று இரண்டு அட்டை வரைந்து வைத்திருக்கிறார்கள். இப்போது எந்த வாரம் எந்த அட்டை என்று அவனே எடுத்து வைக்கிறான். மாற்றத்துக்கும் ஓர் ஒழுங்கு உண்டு என்று அவன் கண்டுபிடித்துவிட்டான்.

என்னோடு அவன் இன்னும் பேசவில்லை. என் முகத்தைக்கூடப் பார்ப்பதில்லை. ஆனால் பச்சைச் சட்டைக்கும் ஓர் அட்டை வரைந்திருக்கிறார்கள், அது அவன் வரிசையில் இருக்கிறது. பரீட்சைக்காக நான் வராத வாரம் அதை எடுத்துவிட வேண்டும் என்று முன்கூட்டியே அவனிடம் சொல்ல வேண்டியிருந்தது. ஒரே ஒரு நாள் வந்துபோயிருந்தால் எனக்குத் தெரிந்த கடல் பெரிய மணலாகவோ சின்ன மணலாகவோ மட்டும்தான் இருந்திருக்கும்.