தள்ளிப்போன ஆபரேஷன் யார் கணக்கில்?

ஆபரேஷன் டேபிளில் ஒருவர் இறந்தால் விசாரணை நடக்கும். ஆபரேஷனே நடக்காமல் ஒருவர் வீட்டில் வலியோடு கிடந்தால் யாரும் எதையும் விசாரிக்க மாட்டார்கள். செய்ததால் வந்த தீங்குக்கு ஃபைல் இருக்கிறது, செய்யாமல் விட்டதற்கு இல்லை.

அனந்தபுரத்தில் குடலிறக்கத்தோடு ஒரு விவசாயக் கூலி இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். பஸ் பிடித்து ஏதோ ஓர் அரசு ஆஸ்பத்திரியில் அட்மிட் ஆகிறார். ராத்திரியிலிருந்து வெறும் வயிறு. காலையில், "மயக்க டாக்டர் இல்லை, ரெண்டு வாரம் கழிச்சு வாங்க" என்கிறார்கள். சர்ஜன் இருக்கிறார், தியேட்டர் இருக்கிறது. இருந்த ஒரே மயக்க மருந்து நிபுணர் அவசர சிசேரியனுக்குப் போய்விட்டார். போகத்தான் வேண்டும். இதில் யார்மேல் தப்பு?

எங்கள் துறையில் ஒரே சர்வர் விழுந்து எல்லாம் நின்றால், அந்த சர்வரைத் திட்ட மாட்டோம். ஒன்றை மட்டும் நம்பிக் கட்டியது யார் என்றுதான் கேட்போம்.

1846இல் பாஸ்டனில் ஈதர் கொடுத்து அறுவை சிகிச்சை செய்துகாட்டும் வரை, நல்ல சர்ஜனுக்கு அடையாளமே கை வேகம்தான். அந்த அவசரத்தைப் போக்கியது மயக்கவியல். மயக்க டாக்டரின் வேலை ஊசி போட்டுத் தூங்கவைப்பதோடு முடிவதில்லை. கண் விழிக்கும் வரை நோயாளியின் மூச்சும் ரத்த அழுத்தமும் அவர் பொறுப்பு. இதைப் படிக்க எம்.பி.பி.எஸ்.ஸுக்கு மேல் மூன்று வருடம் ஆகும்.

கிராமப்புற ஆஸ்பத்திரிகளில் சிசேரியன் நின்றுபோகக் கூடாது என்று மத்திய அரசு ஒரு வழி கண்டது: எம்.பி.பி.எஸ். டாக்டர்களுக்கு 18 வாரப் பயிற்சி. இங்கேதான் அறம் சிக்கலாகிறது. மூன்று வருடப் படிப்பை 18 வாரத்தில் எப்படி ஈடுகட்டுவது? நியாயமான கேள்வி. ஆனால் அந்த 18 வார டாக்டருக்கு மாற்றாகப் பல ஊர்களில் மூன்று வருட நிபுணர் இல்லை, பூட்டிய தியேட்டர்தான் இருந்தது. தரத்தை விட்டுக்கொடுக்காதே என்று நாம் சுலபமாகச் சொல்லிவிடலாம். அதற்கான விலையைக் கொடுப்பது காத்திருப்பவர்.

எதிர்ப்பக்கமும் பொய்யில்லை. குறைந்த பயிற்சி எப்போதும் ஏழைக்குத்தான் போகிறது. சென்னையின் கார்ப்பரேட் ஆஸ்பத்திரியில் அதை யாரும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். தற்காலிகம் என்று வந்த ஏற்பாடு அப்படியே நிரந்தரமாகிவிடும் பயமும் இருக்கிறது.

என்னால் இவ்வளவுதான் சொல்ல முடிகிறது. எதுவுமே இல்லாத இடத்தில் குறைவானதை ஏற்கலாம், ஆனால் எல்லை வகுத்து, மேற்பார்வையோடு, முடிவுத் தேதி போட்டு. கூடவே, தள்ளிப்போன ஒவ்வொரு ஆபரேஷனும் காரணத்தோடு பதிவாக வேண்டும். பாதுகாப்பான அறுவை சிகிச்சை எட்டாதவர்கள் உலகில் 500 கோடி பேர் என்று லான்செட் ஆணையம் 2015இல் எண்ணிச் சொன்ன பிறகுதான் பலருக்கு அது ஒரு பிரச்சினையாகவே தெரிந்தது. அனந்தபுரத்துக்காரர் இழந்த இரண்டு வாரக் கூலி இன்னும் எந்தக் கணக்கிலும் ஏறவில்லை. ஏற்றினால், ஒரே டாக்டரை நம்பி ஓர் ஆஸ்பத்திரியை விட்டது யார் என்று யாராவது பதில் சொல்லியாக வேண்டும்.