வனத்தின் வாயில்

அமெரிக்க நாட்டு அரிசோனா மாநிலத்தின் பாலை நிலத்தே அரவைப்பா என்னும் ஆழ்ந்த மலையிடுக்கு ஒன்றுளது. சிற்சில இடங்களில் ஆயிரம் அடி உயரும் பாறைச் சுவர்களினிடையே வற்றாத ஓடை ஓடுகின்றது; சரிவுகளில் சகுவாரோ என்னும் பெருங்கள்ளிகள் நிற்கின்றன. 1984-ஆம் ஆண்டில் இதனைக் காப்பு வனமாகச் சட்டஞ்செய்தனர். நாளொன்றுக்கு 50 பேருக்கே அனுமதி. இரண்டு இரவுக்கு மேல் தங்கலாகாது. நாயை உடன்கொண்டு போகலாகாது. பாதையென ஒன்று அமைக்கப்படவில்லை. ஓடையினூடே நடத்தல் வேண்டும்.

நீர்நிலையை அணுகாதே என்னும் சொல்லைத் தலைமுறை தலைமுறையாகக் கேட்டவர் நாம். 1927-இல் மகாத்தில், சவுதார் குளத்து நீரை அண்ணல் அம்பேத்கர் அள்ளிப் பருகியது எதன்பொருட்டு என்பதை நம் சிறுவரும் அறிவர். ஆகலின் ஓடையொன்றின் வாயிலில் மனிதரை நிறுத்துகின்றனர் எனக் கேட்டவுடன் நம் உள்ளம் கொதித்தல் இயல்பே. எனினும் தணிந்து ஆராய்தல் பௌத்தர் கடன். சவுதார் குளத்தில் கால்நடைகட்கும் தடையில்லை. பிறப்பைக் காட்டி மனிதரையே தடுத்தனர். அரவைப்பாவிலோ, வருவோன் எக்குலத்தான் என்று வினவுவாரில்லை. எத்தனை பேர் என்றே வினவுகின்றனர்.

இவ்வகை அடக்கம் நமக்குப் புதிதன்று. மழைக்காலத்தில் பிக்குகள் பசும்புல்லை மிதித்துத் திரிகின்றனர் என மக்கள் குறைகூறியபோது, பகவன் மூன்று திங்கள் ஓரிடத்தே தங்குமாறு விதித்தார். பசுந்தழை மீதும் நீரிலும் உமிழ்தலை விநயம் விலக்குகின்றது. ஆயின் வனவாசமே மேலானது என்றும் பகவன் கூறிற்றிலர். பிக்குகள் வாழ்நாள் முழுதும் வனத்திலேயே வதிதல் வேண்டும் என்று தேவதத்தன் விதி வேண்டியபோது மறுத்து, விரும்புவோர் வனத்திலும் ஏனையோர் ஊரருகிலும் வாழ இடந்தந்தார்.

எனக்கு உறுத்துவது வேறு. மனிதன் வந்து செல்வானேயன்றித் தங்கான் என்பதே 1964-ஆம் ஆண்டு அமெரிக்கச் சட்டம் இத்தகைய வனத்துக்குக் கூறும் இலக்கணம். அரவைப்பாவில் மனிதர் தங்காத நிலை எங்ஙனம் வந்தது? அவ்வோடைக் கரையில் அப்பாச்சி மக்கள் பயிரிட்டு வாழ்ந்தனர். 1871 ஏப்ரல் 30 விடியலில், மலையிடுக்குக்குக் கீழே, படையினரின் காவலை நம்பித் தங்கியிருந்த அவர்களைத் துசான் நகரினின்று வந்த கூட்டம் கொன்று குவித்தது. மாண்டோர் நூற்றுக்கு மேற்பட்டோர். பெரும்பாலாரும் பெண்டிரும் பிள்ளைகளுமே. வழக்கும் நடந்தது. குற்றஞ்சாட்டப்பட்ட அனைவரையும் ஜூரிகள் விடுவித்தனர்! கீழ்வெண்மணியை அறிந்த நமக்கு இதனை விளக்க வேண்டுவதில்லை.

ஆகவே அங்கே கூடாரமிட்டுத் தியானிப்போன் நுகரும் தனிமை முற்றும் இயற்கையன்று. அதிலொரு பங்கு மனிதர் கையாற் செய்யப்பட்டது. அதன்பொருட்டு வாயிலை உடைக்க வேண்டுமென யான் சொல்லேன். 50 என்னும் எண் ஓடைக்கு நன்று. ஆனால் அவ்வனுமதிச்சீட்டின் மேல் 1871 என்னும் ஆண்டையும் அச்சிட்டுக் கொடுத்தால், முதலிரவில் அவன் யாரை நினைந்து மைத்திரி பாவிப்பான்?