பயனர் பட்டியலுக்கு வெளியே

பிராடக்ட் மேனேஜ்மென்ட் வகுப்பில் முதல் வாரமே சொல்லிவிட்டார்கள்: எல்லோருக்கும் என்று செய்கிற பொருள் யாருக்கும் உதவாது, முதலில் ஆளைத் தேர்ந்தெடு. அந்த ஆளுக்கு ஒரு பெயர், வயது, சம்பளம், தினசரி எரிச்சல்கள் எல்லாம் எழுத வேண்டும். ‘பெர்சோனா’ என்பார்கள். எங்கள் குழுவுக்கு வந்தது கேன் தண்ணீர் வரவழைக்கும் செயலி. பெரம்பூர் அடுக்குமாடியில் இருக்கும், இருவருமே வேலைக்குப் போகும் தம்பதியை எடுத்துக்கொண்டோம். மதிப்பெண் நன்றாகவே வந்தது.

நான் கும்மிடிப்பூண்டி லோக்கலில் மீஞ்சூர் திரும்புகிறவன். எங்கள் வீட்டு போர் தண்ணீரில் பருப்பு வேகாது. பாத்திரம் கழுவத்தான் அது; குக்கரில் ஆயா கேன் தண்ணீர்தான் ஊற்றுவார். “நான் வாக்கப்பட்டு வந்தப்ப கெணத்துத் தண்ணியிலயே பருப்பு மலர வெந்துடும்” என்பார்.

1960களின் கடைசியிலிருந்து, சென்னையின் தாகம் தீர்க்க மீஞ்சூர், பஞ்செட்டி, தாமரைப்பாக்கம் பக்கம் கிணறுகள் போட்டு நீரை இறைத்தார்கள். ஆரணியாறும் கொசஸ்தலையாறும் மணல் சேர்த்துவைத்த பூமி. அள்ள அள்ள வந்தது. விவசாய மோட்டார்களும் சும்மா இருக்கவில்லை. நீர்மட்டம் கடல்மட்டத்துக்குக் கீழே இறங்கியதும் கடல் நிலத்தடியில் பல கிலோமீட்டர் உள்ளே வந்துவிட்டது. நிலத்தடி நீர் எடுப்பதைக் கட்டுப்படுத்தும் சட்டம் 1987-ல்தான் வந்தது. 2010-ல் பக்கத்துக் காட்டுப்பள்ளியில், நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் குடிநீர் தரும் கடல்நீர் ஆலை திறந்தார்கள். மீஞ்சூர் ஆலை என்றுதான் பெயர். தண்ணீர் சென்னைக்குப் போகிறது.

வகுப்பு இலக்கணப்படி அந்தக் கிணறுகள் வெற்றிதான். பயனர் யார் என்பதில் குழப்பமில்லை, தேவையும் நிஜம். நகரத்துக்காரனுக்கும் தொண்டை வறளத்தானே செய்யும்? ஆனால் உப்பானது எங்கள் கிணறு. அப்படியானால் ஒருவரைத் தேர்ந்தெடுப்பதே அறப்பிழையா?

இந்த இடத்தில் எனக்கு வள்ளலார் நினைவுக்கு வருகிறார். ஏழுகிணறு வீட்டில் வளர்ந்து, திருவொற்றியூர்க் கோயிலே கதியென்று கிடந்தவர். எங்கள் ரயில் பாதைக்காரர் என்று உரிமை கொண்டாடலாம். 1867 மே 23-ல் வடலூரில் தருமசாலை தொடங்கினார். சாதி, மதம் எதுவும் கேட்காமல் சோறு. அன்று மூட்டிய அடுப்பு அணையாமல் காக்கப்பட்டு வருகிறது. எல்லோருக்கும் என்று செய்தது யாருக்கும் உதவாமல் போகவில்லையே! காரணம், அவர் ஆளைத் தேர்ந்தெடுக்கவில்லை, பசியைத் தேர்ந்தெடுத்தார். ஹார்வர்டு பேராசிரியர் கிளேட்டன் கிறிஸ்டென்சன் மில்க்‌ஷேக் கதை சொல்லி விளக்கியதும் ஏறக்குறைய இதுதான்: வாங்குகிறவரின் வயதையும் வருமானத்தையும் பார்க்காதே, எந்த வேலை முடிய அதை வாங்குகிறார் என்று பார்.

ஆனால் தேவையைப் பிடித்தால் மட்டும் போதாது. தாகமும் தேவைதான்; அதைத் தீர்க்கப் போய்த்தான் எங்கள் கிணறு உப்பானது. வள்ளலார் இதையும் யோசித்திருக்கிறார். ‘ஜீவகாருண்ய ஒழுக்கம்’ என்ற தம் நூலில், ஓர் உயிரைக் கொன்று இன்னோர் உயிரின் பசியைத் தீர்ப்பது காருண்யமே ஆகாது என்று வாதிடுகிறார். புலால் மறுப்புக்காகச் சொன்னது. கருவாட்டுக் குழம்பில்லாமல் ஞாயிறு போகாத வீடு எங்களுடையது, அந்த வழக்குக்கு நான் வரவில்லை. எனக்கு வேண்டியது அதன் தர்க்கம்: பசி தீர்ந்ததா என்பதோடு, எதை எடுத்துத் தீர்த்தாய் என்றும் கேட்க வேண்டும். தருமசாலை இரண்டுக்கும் பதில் வைத்திருந்தது. கிணறு போட்டவர்களிடம் முதல் கேள்விக்கு மட்டும் பதில் இருந்தது.

எங்கள் வகுப்புப் படிவத்தில் பயனர், வலி, தீர்வு, அளவீடு என்று கட்டங்கள் உண்டு. பயனராக இல்லாமலே விலை கொடுக்கிறவருக்குக் கட்டம் இல்லை. என் படிவங்களில் அதை நானே கையால் போட்டுக்கொள்கிறேன். பெரும்பாலும் அதை நிரப்பத்தான் அதிக நேரம் பிடிக்கிறது. இந்தப் படிப்பு படிக்கிறவர்கள் நீங்களும் அந்த ஒரு கட்டத்தைப் போட்டுப் பாருங்கள். மதிப்பெண் குறைந்தால் குறையட்டும்.