கரையில் இறக்கிய பொதிகள்



தொண்டு செய்கிறவனுக்கு ஓய்வு உண்டா? பிறருக்காக உழைப்பவன், "இன்றைய நாள் எனக்குரியது" என்று சொல்லலாமா? இக்கேள்விக்கு எனக்கு விடை கிடைத்தது ஏட்டிலே அல்ல, ஓர் ஆற்றங்கரையிலே.

தென் அமெரிக்காவின் வடகரையிலுள்ள கயானா நாட்டிலே சிறிது காலம் தொண்டனாகப் பணியாற்றினேன். 1838ஆம் ஆண்டு முதல் அங்குள்ள கரும்புத் தோட்டங்களுக்குக் கொண்டுசெல்லப்பட்ட இந்தியருள் தமிழரும் இருந்தனர். மக்களிற் பெரும்பாலோர் கடலோரத்திலே வாழ்கின்றனர், உள்நாடோ பெருங்காடு. அக்காட்டுக்கு ஆறுகளே தெரு. எசெக்கிபோ ஆறு ஏறக்குறைய 1,000 கிலோமீற்றர் ஓடி அத்திலாந்திக் சமுத்திரத்திலே கலக்கிறது. குயூனி, மசருனி ஆகிய ஆறுகள் அதனுடன் சேருமிடத்திலே பார்ட்டிக்கா என்னும் சிறுபட்டினம் இருக்கிறது.

கிழமை முழுவதும் படிப்பித்துக் களைத்த தொண்டர் நால்வர், ஒரு சனிக்கிழமை காலை அங்கிருந்து மசருனி வழியாக மேலே அருவி பார்க்கப் புறப்பட்டோம். சிறிய இயந்திரப் படகு. படகோட்டி அந்நாட்டு ஆதிக்குடிகளில் ஒருவர். நீருக்கடியில் மறைந்து கிடந்த பாறைகளை அவர் நீரின் சுழிப்பைப் பார்த்தே அறிந்து விலக்கிச் சென்றார். பேச்சோ மிகக் குறைவு.

நண்பகலுக்குச் சற்று முன், கரையிலே ஒரு தாய் கைகாட்டினாள். தோளிலே காய்ச்சலில் நடுங்கும் பிள்ளை. ஆஸ்பத்திரி பார்ட்டிக்காவில். எங்கள் படகிலோ இடமில்லை. அருவிக்குப் போய்வர மட்டுமே பெற்றோல் இருந்தது.

"ஐந்து நாளும் இவர்களுக்காகத்தானே உழைக்கிறோம், இந்த ஒரு நாளாவது எங்களுக்கு வேண்டாமா?" என்றார் ஒருவர். "பின்னேரம் திரும்பும்போது ஏற்றிச் செல்லலாமே" என்றார் இன்னொருவர். அந்த இன்னொருவர் நானே. வெட்கத்துடன் எழுதுகிறேன்.

படகோட்டி வாதாடவில்லை. எங்கள் பொதிகளை ஒவ்வொன்றாகத் தூக்கிக் கரையிலே வைத்தார். பிறகு எங்களைப் பார்த்தார். நாங்களும் இறங்கினோம். தாயையும் பிள்ளையையும் ஏற்றிக்கொண்டு, "வருவேன்" என்ற ஒரு சொல்லோடு போய்விட்டார்.

அக்கரையிலே மூன்று குடிசைகள். அங்கிருந்த மூதாட்டி எங்களை உள்ளே அழைத்து மரவள்ளி ரொட்டி தந்தாள். அவர்கள் உண்ணும் மரவள்ளியிலே ஒருவகை நஞ்சுடையது. கிழங்கைத் துருவி, நீண்ட பின்னற் குழாயிலே இட்டு, இழுத்துப் பிழிந்து, நஞ்சுச் சாற்றை வடித்த பிறகே ரொட்டி சுடுவார்கள். நாங்கள் அருவிக்குக் கொண்டுபோன உணவைப் பற்றி அவள் கேட்கவேயில்லை. கொடுக்க வந்தவர்கள் நாங்கள், கொடுத்தவள் அவள்.

பொழுது சாயும்போது படகு திரும்பியது. "மலேரியா. மருந்து தொடங்கிவிட்டார்கள்" என்றார் படகோட்டி. இருளிலே பாறைகளினூடே செல்ல முடியாதாகையால் அங்கேயே தங்கினோம். அவ்வளவு ஆறுதலாக நான் உறங்கிய இரவுகள் சிலவே. அருவியை நான் இன்றுவரை காணவில்லை.

மாற்கு நற்செய்தியின் 6ஆம் அதிகாரத்தை எடுத்து வாசித்துப் பாருங்கள். பணி முடித்து வந்த சீடருக்கு உண்ணவும் நேரமில்லை. தனிமையான இடத்துக்குப் போய்ச் சற்று இளைப்பாறும்படி ஆண்டவரே அவர்களை அழைக்கிறார். ஆகவே ஓய்வு பாவமல்ல. அது அவர் தரும் கொடை. ஆனால் படகு கரைசேருமுன் சனங்கள் ஓடிவந்து காத்து நிற்கின்றனர். ஆண்டவர் அவர்களைக் கடிந்தாரா? இல்லை, மனமிரங்கினார். அனுப்பிவிடும்படி சொன்ன சீடரிடமே உணவு கொடுக்கும்படி சொன்னார். எல்லாம் முடிந்தபின் சனங்களை அனுப்பிவிட்டு, மலைக்குச் சென்று தனித்துச் செபித்தார். ஓய்வு பிந்தியது, இல்லாமற் போகவில்லை.

நாங்கள் செய்த தவறு ஓய்வைத் தேடியதல்ல. ஐந்து நாட் சேவையைக் கணக்கிலே வரவு வைத்து, ஆறாம் நாள் இரக்கத்துக்கு விடுமுறை கேட்டதே தவறு. படகோட்டியைத் தொண்டர் என்று எவரும் அழைத்ததில்லை. ஆகவே அவரிடம் கணக்கும் இல்லை.

அன்பர்களே, வின்சென்ட் டி போல் சபையிலோ, இளைஞர் மன்றத்திலோ, ஆஸ்பத்திரியிலோ, பாடசாலையிலோ உழைத்துக் களைத்திருக்கிறீர்களா? இளைப்பாறுங்கள், அது தேவை. ஆனால் ஞாயிறு பின்னேரம் உங்கள் படலையை ஒருவர் தட்டும்போது, "நாளைக்கு வாருங்கள்" என்ற சொல் நாவிலே வருமுன் சற்று நில்லுங்கள். உங்கள் படகிலிருந்து எந்தப் பொதியை இறக்கினால் அவருக்கு இடம் கிடைக்கும் என்று பாருங்கள். இறக்கியது பெரும்பாலும் சிறிய பொதியாகவே இருக்கும்.